வினைமுதல் எங்கே?

தமிழில் புகுந்த அயற்சொற்களைக் களையும் பணி தொடங்கி நூறாண்டு கடந்துவிட்டது. நன்னிலத்திற்கு அண்மையிலுள்ள நாகப்பட்டினத்தில் 1876-இல் பிறந்த வேதாசலனார், தம் பெயரையே மறைமலை என்று மாற்றிக்கொண்டு 1916-இல் தொடங்கிய பணி அது. அதன் பயன் கண்கூடு. அக்கிராசனர் போய்த் தலைவர் வந்தார். காரியதரிசி போய்ச் செயலாளர் வந்தார். அபேட்சகர் போய் வேட்பாளர் வந்தார். எள்ளி நகைத்தவர்களே இன்று அச்சொற்களை எடுத்தாளுகிறார்கள். அவை ஒரு காலத்தில் புதியனவாய் இருந்தன என்பதையும் மறந்துவிட்டார்கள். ஆயினும், களை பறித்த வயலுக்கு நீர் கொண்டுவரும் வாய்க்கால் தூர்ந்து கிடப்பதை எவரும் நோக்கவில்லை. சொல் தமிழாயிற்று, சொற்களைக் கோக்கும் முறை ஆங்கிலமாகிக்கொண்டே வருகிறது.

வட்டாட்சியர் அலுவலகங்களின் பலகைகளில் நாள்தோறும் தொங்கும் ஒரு வாய்பாட்டை நோக்குக: 'பொதுமக்கள் உரிய ஆவணங்களுடன் நேரில் வருமாறு இதன்மூலம் கேட்டுக் கொள்ளப்படுகிறார்கள்.' இத்தொடரில் 'மூலம்' என்னும் ஒன்றைத் தள்ளினால், மறைமலையடிகளே வந்து நின்றாலும் பழிப்பதற்கு ஒரு சொல் இல்லை. ஆனால் தொடர் தமிழன்று. நன்னிலத்து உழவன் ஒருவன் தன் மகனை நோக்கி, 'தம்பி, நீ கடைக்குப் போய் வருமாறு கேட்டுக் கொள்ளப்படுகிறாய்' என்று சொல்வானா? சொன்னால், தந்தைக்கு ஏதோ நேர்ந்துவிட்டது என்றன்றோ மகன் அஞ்சுவான்! வீட்டில் எவனும் பேசாத ஒன்றை, ஓர் அரசு தன் மக்களிடம் ஒவ்வொரு நாளும் பேசுகிறது.

அத்தொடரைப் பிரித்துப் பார்த்தால் உள்ளிருக்கும் ஊனம் தெரியும். கேட்பவர் எவர்? தொடரில் இல்லை. 'கொள்' என்பது ஒருவன் தனக்காகச் செய்வதைக் காட்டும் துணைவினை. 'எடுத்துக்கொண்டான்' என்றால் தனக்கென எடுத்தான். அதன் தலைமேல் 'படு' என்பதை ஏற்றியவுடன், தனக்காகக் கேட்பவனும் அவனே, கேட்பிற்கு ஆளாகிறவனும் அவனே என்னும் குழப்பம் நேர்கிறது. முடிவில் நிற்கும் 'ஆர்கள்' என்னும் ஈறோ, கேட்கும் அலுவலரைக் குறிக்கவில்லை. கேட்டு நிற்கும் மக்களைக் குறிக்கிறது. 'மக்களைக் கேட்டுக்கொள்கிறோம்' என்று நான்கு விரற்கடையில் முடிய வேண்டியதை இவ்வளவு சுற்றிவளைத்த கை எந்தக் கை? 'தி பப்ளிக் ஆர் ரிக்குவெசுட்டெட்' என்னும் ஆங்கிலத் தொடரைச் சொல்லுக்குச் சொல் எடுத்து வைத்த கைதான் அது.

ஆங்கிலத்திற்கு அத்தொடர் இயல்பானது. அதற்குக் கரணியம் உண்டு. ஆங்கிலப் பெயர்ச்சொல்லுக்கு எழுவாய் வேற்றுமை, செயப்படுபொருள் வேற்றுமை என்று உருபு வேறுபாடு இல்லை. கீரி பாம்பைக் கொன்றதா, பாம்பு கீரியைக் கொன்றதா என்பதை அம்மொழி சொல் நிற்கும் இடத்தைக் கொண்டே காட்ட முடியும். முன்னால் நிற்பது செய்வது. பின்னால் நிற்பது செயப்படுவது. 'ஐ', 'மீ' என்றும், 'ஈ', 'இம்' என்றும் தன்மை படர்க்கைப் பெயர்களில் மட்டும் பழைய உருபு வேறுபாட்டின் எச்சம் சிறிது தங்கியிருக்கிறது. அங்கும் இடம் மாறினால் பொருள் மாறும். ஆகவே பாம்பைப் பற்றிப் பேச்சைத் தொடங்க விரும்பும் ஆங்கிலேயன், பாம்பை முன்னே கொண்டுவர வேண்டுமாயின், வினையையே தலைகீழாக்கியாக வேண்டும். பாம்பை எழுவாயாக்கி, 'வாசு' என்னும் துணைவினையைச் சேர்த்து, கீரியைப் 'பை' என்னும் முன்னுருபோடு கட்டி வால்புறத்தில் தொங்கவிடுகிறான். 'ஈ' என்று தலைமையில் நின்றவன் 'பை இம்' என்று வாலுக்கு வந்துவிடுகிறான். வாலில் தொங்குவது வேண்டுமாயின் இருக்கும், வேண்டாவிடின் அறுந்துவிழும். அறுந்து விழுந்தாலும் தொடர் நிறைவாகவே நிற்கும். ஆங்கிலச் செயப்பாட்டு வினையின் முழுச் சூழ்ச்சியும் இவ்விடத்தில் இருக்கிறது.

அம்மொழியில் இன்னும் விந்தையான முடிபுகளும் உண்டு. 'எனக்கு நூல் கொடுத்தார்கள்' என்பதைத் திருப்பும்போது, கொடுத்த பொருளாகிய நூலை மட்டுமன்றி, பெற்றவனாகிய 'என்னை'யும் எழுவாயாக்க அம்மொழிக்கு முடியும். அதை அப்படியே தமிழாக்கினால் 'நான் ஒரு நூல் கொடுக்கப்பட்டேன்' என்றாகும். கேட்பவன் நூலோடு சேர்த்து ஆளையும் எவனுக்கோ கொடுத்துவிட்டார்கள் என்று எண்ணுவான். அவ்வாறே 'லாஃப்டு அட்' என்பது போல, முன்னுருபை வினையோடு ஒட்டவைத்து, அது சார்ந்திருந்த பெயரை மட்டும் பிடுங்கி எழுவாயாக்குவதும் அங்கு வழக்கு. தமிழிலோ 'அவன் சிரிக்கப்பட்டான்' என்பதற்குப் பொருளே இல்லை. 'அவனைப் பார்த்துச் சிரித்தார்கள்' என்பதுதான் தமிழ். 'அவன் பேசப்பட்டான்' என்றால், அவனைப் பற்றி ஊர் பேசிற்று என்று ஒருவாறு கொள்ளலாமே அன்றி, அவனோடு எவரோ பேசினார் என்று கொள்ள இயலாது. முன்னுருபு பெயருக்கு முன்னே தனித்து நிற்கும் மொழியில் அதைக் கழற்றி வேறிடத்தில் மாட்டலாம். உருபு பெயரோடு ஒன்றி அதன் உடலாகிவிடும் மொழியில் அதைக் கழற்றினால் குருதிதான் வரும்.

தமிழுக்கு இத்துணைச் சுற்று ஏன் வேண்டும்? 'பாம்பைக் கீரி கொன்றது' என்றால் முடிந்தது. 'ஐ' என்னும் ஓர் எழுத்து பாம்பைக் காவல் காக்கிறது. அப்பாம்பைத் தொடரின் முதலில் வைத்தாலும், இடையில் வைத்தாலும், கொன்றது பாம்பு என்று எவனும் மயங்கமாட்டான். ஆங்கிலேயன் எந்தக் குறையை நிரப்பச் செயப்பாட்டு வினையைத் தேடினானோ, அந்தக் குறை தமிழில் இல்லை. இல்லாத நோய்க்கு அயலான் மருந்தை வாங்கிக் குடித்துவிட்டு, புதிய நோயைத் தமிழன் தேடிக்கொண்டான்.

வேற்றுமை உருபு மட்டுமன்று, வினைமுற்றின் ஈறும் இதற்குச் சான்று. 'கொடுத்தேன்' என்றால் நான். 'கொடுத்தோம்' என்றால் நாம் அல்லது நாங்கள். 'கொடுத்தார்' என்றால் அவர். எழுவாயைச் சொல்லாமலே விட்டாலும் வினையின் வாலில் செய்தவன் உட்கார்ந்திருக்கிறான். ஆங்கில வினையில் பெரும்பாலும் அவனைக் காண முடியாது. ஆகவே செயப்பாட்டு வினையை ஆளும்போது ஆங்கிலத்தில் இழப்பு ஒன்றே, தமிழில் இரண்டு. எழுவாய் இடத்திலிருந்தும் செய்தவன் போகிறான். வினையின் ஈற்றிலிருந்தும் போகிறான். 'கொடுத்தோம்' என்பது 'கொடுக்கப்பட்டது' என்றாகிறது. உயர்திணைத் தன்மை போய் அஃறிணைப் படர்க்கை வந்து நிற்கிறது. ஆணையிடுவோரும் அறிவிப்போரும் மறுப்போரும் யாவரும் மாந்தராக இருக்க, அவர்கள் எழுதும் தொடர்கள் முழுவதும் 'அது, அது' என்றே முடிகின்றன!

நன்னிலத்துப் பெருங்கோயிலைப் பாடிய சுந்தரர், அதைக் கோச்செங்கட் சோழன் செய்த கோயில் என்னும் பொருளிலேயே பாடினார். செய்தவன் பெயர் எழுவாயாய் முன் நிற்க, வினை அவனைத் தழுவி நிற்க, கோயில் அவ்வினைக்கு முடிபாய் வருகிறது. இன்று ஒருவர் அக்கோயிலைப் பற்றி எழுதுவாராயின், 'கோச்செங்கட் சோழனால் கட்டப்பட்ட கோயில்' என்றே தொடங்குவார். இரண்டுக்கும் வேறுபாடு நோக்குக. 'அரசன் செய்த கோயில்' என்னும் பெயரெச்சத் தொடரில் அரசனுக்கு ஆல் உருபும் வேண்டியதில்லை. வினைக்குப் படுவும் வேண்டியதில்லை. தமிழின் பெயரெச்சம் செய்தவனையும் ஏற்கும், செயப்பட்ட பொருளையும் ஏற்கும், கருவியையும் இடத்தையும் ஏற்கும். 'எழுதிய புலவர்', 'எழுதிய மடல்', 'எழுதிய கோல்', 'எழுதிய நாள்' — நான்கிற்கும் ஒரே வடிவம் போதுமாய் இருக்கிறது. கடைத்தெருவில் 'வறுத்த கடலை' கேட்பவனிடம், 'கடலையா ஐயா வறுத்தது?' என்று எந்தக் கடைக்காரனும் வினவுவதில்லை. 'வறுக்கப்பட்ட கடலை' என்று கேட்பவனைத்தான் ஏற இறங்கப் பார்ப்பான். 'அவித்த முட்டை', 'சுட்ட செங்கல்', 'அரைத்த மாவு' என்று அடுக்களையும் சூளையும் இன்றும் தமிழாகவே பேசுகின்றன. எழுதுகோலைத் தொட்டவுடன்தான் 'என்னால் எழுதப்பட்ட மடல்' பிறக்கிறது.

இதனால் 'படு' என்னும் வினையே அயல்வினை என்று எவரும் கருதிவிடலாகாது. அவ்வாறு கருதுவோர் தமிழன்பர்களிலும் சிலர் உளர், அது மிகை. 'படு' தமிழின் தொன்மையான வேர்களில் ஒன்று. விழுதல், தங்குதல், உண்டாதல், உறுதல் என்று அதன் பொருள்கள் விரியும். ஆற்றோரத்து நிலத்தைக் காவிரிநாட்டார் 'படுகை' என்கிறார்கள். 'கண்ணிற் பட்டது', 'வலையில் அகப்பட்டது', 'ஆசைப்பட்டான்', 'துன்பப்பட்டான்', 'அடிபட்டான்', 'மிதிபட்டது' என்று நாவில் நாள்தோறும் புழங்கும் வினை அது. மூன்றாம் வேற்றுமைக்கு உரை கண்டோர் நாயாற் கோட்பட்டவனை எடுத்துக்காட்டுவர். வள்ளுவரும் 'வைக்கப்படும்' என்னும் முடிபை ஆண்டிருக்கிறார். 'செயப்படுபொருள்' என்னும் கலைச்சொல்லே தொல்காப்பியருடையது. ஆகவே வழக்கு 'படு'வின்மேல் இல்லை. அதை எங்கே, எதற்காக, எவ்வளவு ஆளுவது என்பதிலேதான் வழக்கு.

உறுதற் பொருள் உள்ள இடத்தில் 'படு' வரும். அதாவது, ஒருவன்மேல் ஏதோ ஒன்று வந்து விழும்போது வரும். உறுதல் இல்லாத இடத்தில் தமிழ் வேறு வழிகளை வைத்திருந்தது; இன்றும் பேச்சில் வைத்திருக்கிறது. 'உடைத்தான்' என்பதற்கு 'உடைந்தது' உண்டு. 'நிறைத்தான்' என்பதற்கு 'நிறைந்தது' உண்டு. 'மாற்றினான், மாறிற்று', 'அடக்கினான், அடங்கிற்று', 'ஆக்கினான், ஆயிற்று' என்று தன்வினை பிறவினை இணைகள் தமிழில் நூற்றுக்கணக்கில் உண்டு. 1856-இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் எழுதிய கால்டுவெல், இம்மொழிக் குடும்பத்திற்கு உண்மையான செயப்பாட்டு வினையே இல்லை என்றும், ஆங்கிலம் செயப்பாட்டு வினையால் சொல்வதைத் தமிழ் தன்வினையாலேயே இயல்பாகச் சொல்கிறது என்றும் கண்டார். ஆங்கிலேயர் ஆட்சிக்காலத்தில், ஆங்கிலம் பேசும் பாதிரியார் ஒருவருக்குத் தெரிந்த இவ்வுண்மை, தமிழரசின் மொழிபெயர்ப்பாளர்க்குத் தெரியாமற் போனது வியப்பே.

செயப்படுபொருளையே செய்தது போலச் சொல்வதும் வழக்கில் உள்ள மரபுதான் என்று தொல்காப்பியர் வினையியலில் ஒப்புகிறார். திண்ணை மெழுகிற்று என்பது உரையாசிரியர் காட்டும் சான்று. திண்ணை தானே மெழுகிக்கொள்ளாது. மெழுகியவள் எவள் என்பது அங்கே தேவையில்லை. ஆகவே திண்ணையை எழுவாயாக்கிச் செய்வினையாலேயே முடித்துவிட்டார்கள். நன்னிலத்து வயலோரத்தில் இன்றும் 'மடை திறந்தாயிற்று', 'நட்டாயிற்று', 'அறுத்தாயிற்று' என்ற பேச்சைக் கேட்கலாம். செய்தவனைச் சொல்லாமல் செய்த வேலை முடிந்ததைச் சொல்லும் இவ்'ஆயிற்று' இருக்க, 'நடவு மேற்கொள்ளப்பட்டு முடிக்கப்பட்டுள்ளது' என்று வேளாண்மை அறிக்கை எதற்காக அழுகிறது? 'இப்பகுதியில் நெல் பயிரிடப்படுகிறது' என்று பாடநூல் சொல்லும். 'இங்கே நெல் விளைகிறது' என்று உழவன் சொல்வான். விளைந்த நெல் உழவனிடம் இருப்பதுபோல் மொழியும் அவனிடமே இருக்கிறது.

'சொல்லப்படுகிறது', 'நம்பப்படுகிறது', 'எதிர்பார்க்கப்படுகிறது' என்று நாளிதழ்கள் நாள்தோறும் எழுதுகின்றன. சொல்கிறவர் எவர், நம்புகிறவர் எவர் என்பது அவ்விதழ்க்கே வெளிச்சம். தொல்காப்பியர்க்கும் இதே தேவை வந்தது. தமக்கு முன்னோர் கூறியதைப் பெயர் குறியாமல் கூற வேண்டிய தேவை அது. அவர் 'என்ப' என்றும் 'என்மனார் புலவர்' என்றும் முடித்தார். பெயர் இல்லை, ஆயினும் ஆள் உண்டு. சொன்னவர் புலவர் என்பது தெரிகிறது. பலர் என்பதும் தெரிகிறது. பெயர் சொல்லாமை வேறு. ஆளையே இல்லாமற் செய்தல் வேறு.

சோழர்காலக் கல்வெட்டுகள் இதற்கு இன்னும் வலிய சான்று. தஞ்சைப் பெருங்கோயிலில் முதலாம் இராசராசன், தான் எடுப்பித்த கோயிலுக்குத் தான் கொடுத்தனவும் தன் தமக்கை கொடுத்தனவும் தன் பெண்டுகள் கொடுத்தனவும் பிறர் கொடுத்தனவும் கல்லில் வெட்டுமாறு ஆணையிட்டான். அவ்வாணையில் 'நாம்' என்று பேசுகிறான். கொடுத்தவர் ஒவ்வொருவரும் எழுவாயாய் நிற்கிறார்கள். முடிவில் 'வெட்டுக' என்னும் வியங்கோள். 'வெட்டப்பட வேண்டும்' என்றில்லை. மாமன்னன் மட்டுமா? காவிரிப் படுகை முழுதும் ஊரவை நிலம் விற்ற கல்வெட்டுகளில், 'விற்றுக் குடுத்தோம்' என்று ஊரார் தம்மைத் தாமே பொறுப்பாக்கி முடிக்கிறார்கள். ஊரோம், நாட்டோம், சபையோம் என்று தன்மைப் பன்மை ஈற்றோடு கையெழுத்திடுகிறார்கள். 'சபை' வடசொல்லே. ஆனால் 'சபையோம்' என்னும் முடிபு முற்றும் தமிழ்முடிபு. இன்றைய 'கேட்டுக் கொள்ளப்படுகிறார்கள்' என்பதில் சொல் அனைத்தும் தமிழ். முடிபு முற்றும் அயல்முடிபு. இரண்டில் எது தமிழுக்கு நெருக்கம் என்பதைத் தனித்தமிழன்பர் நெஞ்சில் கைவைத்து எண்ணிப் பார்க்கட்டும்.

'ஓம்' என்ற ஈறு எப்போது 'பட்டது' என்றாயிற்று? தஞ்சை ஆட்சி 1799-இல் கும்பினியார் கைக்குப் போனது. அதன்பின் நிலவரிக் கணக்கும் ஆணையும் ஆங்கிலத்தில் எழுந்தன. ஆங்கில எழுத்தன், மேலிடத்தின் ஆணையைக் கீழிடத்திற்குச் சொல்லும் இடைநிலையாளன். ஆணை அவனுடையதன்று, ஆகவே 'நான்' என்று எழுத அவனுக்கு உரிமையில்லை. மேலிடத்தின் பெயரைச் சொல்ல அவனுக்குத் துணிவில்லை. செய்தவனை வாலில் கட்டி அறுத்துவிடும் தொடர் அவனுக்கு மிகவும் வாய்ப்பாய் இருந்தது. 1956-இல் தமிழ்நாட்டிற்கு ஆட்சிமொழிச் சட்டம் வந்தது. ஆட்சிச் சொற்களுக்கு அகராதி வந்தது. சொல்லுக்குச் சொல் கிடைத்தது. தொடருக்குத் தொடர் கிடைக்கவில்லை. ஆங்கில வரைவை அருகில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு சொல்லாக மாற்றியவர்கள், அடிமை எழுத்தனின் முதுகு வளைவையும் சேர்த்தே மொழிபெயர்த்துவிட்டார்கள். ஆட்சி மாறிற்று, ஆட்சியின் வினைமுற்று மாறவில்லை.

இங்கே ஒரு நுட்பத்தைக் காண வேண்டும். செய்தவனைக் காட்டும் ஆல் உருபை ஆட்சித்தமிழ் முற்றும் மறந்துவிட்டதோ எனின், இல்லை. ஊர்தோறும் நிற்கும் திறப்பு விழாக் கல்வெட்டுகளைப் பார்க்கலாம். பாலமாயினும், பள்ளிக் கட்டடமாயினும், பேருந்து நிழற்குடையாயினும், 'மாண்புமிகு இன்னார் அவர்களால் திறந்து வைக்கப்பட்டது' என்று அங்கே ஆல் உருபு பளிங்கில் பொன்னெழுத்தாய் மின்னுகிறது. அதே உழவன் தன் பட்டா மாற்றத்துக்கோ, பயிரிழப்பீட்டுக்கோ எழுதிக் கொடுத்த மனுவுக்கு விடை வரும்போது, 'தங்கள் மனு நிராகரிக்கப்பட்டது' என்றிருக்கும். எவரால்? ஆல் இல்லை. புகழ் வருமிடத்தில் ஆல் உண்டு. பழி வருமிடத்தில் ஆல் இல்லை. ஆங்கிலத்தின் அறுந்து விழும் வால் இப்பயனுக்காகவே இங்கே குடியேறிற்று என்று சொன்னால் தவறாகுமா? 2005-இல் வந்த தகவல் பெறும் உரிமைச் சட்டம், தகவலை மறுக்கும் அலுவலர் மறுப்பின் கரணியத்தையும், மேல்முறையீடு செய்ய வேண்டிய அலுவலரையும் மடலில் சொல்லியாக வேண்டும் என்கிறது. சட்டம் ஆளைக் காட்டச் சொல்கிறது. சட்டத்தின் பெயரால் எழுதும் தொடரோ ஆளை மறைக்கிறது.

காவிரி நீரிலும் இதுதான் நடக்கிறது. மேட்டூர் அணை 1934-இல் முடிந்தது முதல், குறுவைக்குச் சூன் 12 என்பது தஞ்சை உழவர் நெஞ்சில் பதிந்த நாள். 'நீர் திறந்து விடப்படும்' என்றும், 'நீர் திறக்கப்படவில்லை' என்றும் செய்திகள் வரும். 2018 பிப்பிரவரி 16-இல் உச்ச நீதிமன்றம் தமிழகத்தின் பங்கை 177.25 டி.எம்.சி. என்று வரையறுத்தது. அந்நீரைக் கருநாடகம் விட வேண்டும். விடவில்லையாயின், 'கருநாடகம் விடவில்லை' என்பதுதான் செய்தி. 'நீர் விடப்படவில்லை' என்பது வானிலை அறிக்கை போல ஒலிக்கிறது. மழை பெய்யாததற்கும் மடை அடைத்ததற்கும் அதில் வேறுபாடு இல்லை. அரசலாற்றின் கடைமடையில் நாற்றங்கால் கருகும்போது உழவன் சினக்க வேண்டியது வானத்தின்மேலா, மாந்தர்மேலா என்பதை வினைமுற்று அவனுக்குச் சொல்ல வேண்டாவா? 2020-இல் வந்த சட்டத்தின் பெயரைத்தான் பார்க்கலாமே: 'பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம்'. காப்பவர் எவர் என்ற வினாவைப் பெயரிலேயே எழுப்பிவிட்டு விடை சொல்லாமல் நிற்கிறது. காட்டுத் துறையார் 'காப்புக்காடு' என்று அழகாகச் சொல்கிறார்கள். நிலத்துக்கும் அவ்வாறு சொல்லியிருக்கலாம்.

செயப்பாட்டு வினையே உண்மையைச் சொல்லும் இடங்களும் உண்டு. அவற்றை மறைத்தல் நேர்மையாகாது. 'கரை உடைந்தது' என்றால் வெள்ளம் உடைத்தது. 'கரை உடைக்கப்பட்டிருக்கிறது' என்றால் எவனோ உடைத்திருக்கிறான். எவன் என்று தெரியவில்லை. அங்கே 'படு' ஒரு குற்றச்சாட்டு. விளக்கைத் தூண்டிவிடும் சொல். பழைய தஞ்சை மாவட்டத்துக் கீழவெண்மணியில் 1968 திசம்பர் 25 இரவு 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டனர். கூலி உயர்வு கேட்ட உழவுத் தொழிலாளரின் குடும்பத்தினர் அவர்கள். பெண்களும் குழந்தைகளுமே மிகுதி. நிலக்கிழார்மேல் வழக்கு நடந்தது. கீழ்மன்றம் தண்டித்தது, உயர்நீதிமன்றம் விடுவித்தது. எரிந்தவர் 44 பேர்; எரித்தவர் என்று சட்டம் காட்டுதற்கு எவரும் இல்லை. செயப்படுபொருள் மட்டும் எஞ்சி, வினைமுதல் இல்லாமற் போன தொடர் அங்கே ஏட்டில் மட்டுமன்றி வழக்கு மன்றத்திலும் எழுதியாயிற்று. அவ்விடத்தில் 'கொல்லப்பட்டனர்' என்பதுதான் நேரிய சொல்; ஏனெனில் அதில் விடையில்லா வினா உறுத்திக்கொண்டே இருக்கிறது. அதே முடிபைப் 'பேருந்து நேரம் மாற்றப்பட்டுள்ளது' என்பதற்கும் 'குடிநீர் நிறுத்தப்பட்டுள்ளது' என்பதற்கும் வீணாகச் செலவிட்டுவிட்டால், உறுத்த வேண்டிய இடத்தில் அஃது உறுத்தாது. செவி பழகிப் போயிருக்கும்.

ஆங்கிலத்தின் பெருமை பேசுவோர்க்கு ஒரு செய்தி. இந்நோயை அம்மொழியாரே நோய் என்று கண்டுவிட்டனர். பீகாரத்து மோதிகாரியில் 1903-இல் பிறந்து, பருமாவில் காவல் அலுவலராய் இருந்து, அவ்வேலையை வெறுத்து விலகிய சார்சு ஆர்வெல், 1946-இல் அரசியலும் ஆங்கிலமும் பற்றி எழுதிய கட்டுரையில், செய்வினை வரக்கூடிய இடத்தில் செயப்பாட்டு வினையை ஒருபோதும் ஆளாதே என்று விதித்தார். பேரரசின் எழுத்தன் நடையை உள்ளிருந்து பார்த்தவர் அவர். 1987-இல் அமெரிக்கத் தலைவர் இரேகன், ஈரானுக்குப் படைக்கலம் விற்ற இழிவைப் பற்றிப் பேசும்போது, தவறுகள் செய்யப்பட்டன என்று மட்டும் சொல்லி, செய்தவர் எவர் என்பதை விழுங்கினார். அமெரிக்க இதழாளர் அத்தொடரை எள்ளிப் பழமொழியாக்கிவிட்டனர். ஆங்கிலேயன் கழித்துக் கட்டும் கந்தலைத் தமிழன் பட்டாடை என்று போர்த்திக்கொள்கிறான்.

நாளிதழ்களின் பங்கு சிறிதன்று. நோயுற்ற ஒருவரை மருத்துவமனையில் சேர்த்தால், அவர் 'அனுமதிக்கப்பட்டார்' என்று எழுதுகிறார்கள். 'அட்மிட்டெட்' என்னும் சொல்லுக்கு அகராதியில் முதலில் கண்ட பொருளை எடுத்து ஒட்டிய விளைவு இது. நெஞ்சுவலியோடு போனவர் வாயிலில் நின்று உள்ளே போக இசைவு கேட்டார் போலும்! 'மருத்துவமனையில் சேர்த்தனர்' என்பதற்கு எழுத்தும் குறைவு, பொருளும் நேர். 'விருது வழங்கப்பட்டது' என்பதற்கு 'விருது பெற்றார்' என்பது உண்டு. 'தடை செய்யப்பட்டுள்ளது' என்று தடை, செய், படு, உள் என நான்கு மாடி கட்டுவதற்கு, 'இங்கே குப்பை கொட்டாதீர்' என்பது தரையில் நின்று பேசும்.

வேர் பள்ளியில் இருக்கிறது. 'கண்ணன் பாடம் படித்தான்' என்பதைச் செயப்பாட்டு வினையாக மாற்றுக என்று தமிழ்த் தேர்வில் வினாக் கொடுக்கிறார்கள். 'பாடம் கண்ணனால் படிக்கப்பட்டது' என்று எழுதிய பிள்ளைக்கு முழு மதிப்பெண். ஆங்கில வகுப்பில் 'வாய்சு' மாற்றிய அதே கை, தமிழ் வகுப்பிலும் அதே பயிற்சியைச் செய்கிறது. அங்கே அது மொழியின் தேவை. இங்கே வெறும் கழைக்கூத்து. அப்பிள்ளைதான் இருபதாண்டு கழித்து அலுவலகத்தில் அமர்ந்து 'கேட்டுக் கொள்ளப்படுகிறார்கள்' என்று எழுதுகிறான். பயிற்சி வேண்டுமாயின் திருப்பிக் கொடுக்கலாம்: அலுவலக மடல் ஒன்றைக் கொடுத்து, இதில் செய்தவர் எவர், கண்டுபிடித்து எழுவாயாக்கி எழுதுக என்று தமிழாசிரியர் கேட்கட்டும். கண்டுபிடிக்க இயலாத மடல்களைப் பிள்ளைகளே எண்ணிச் சொல்வார்கள்.

அலுவலகத்தார்க்கும் இதில் அருமுயற்சி ஒன்றும் இல்லை. வேண்டும்போது 'ஓம்' இருக்கிறது. ஆணைக்கு 'வருக, தருக, கட்டுக' என்னும் வியங்கோள் இருக்கிறது. செய்தவரைச் சொல்லத் தேவையில்லாத இடத்திற்கு 'ஆயிற்று' இருக்கிறது. 'தங்கள் மனு நிராகரிக்கப்பட்டது' என்னும் தாளைக் கிழித்துவிட்டு, 'உங்கள் மனுவை இன்ன கரணியத்தால் ஏற்கவில்லை. இம்முடிவை எடுத்தவர் வட்டாட்சியர். முப்பது நாளுக்குள் கோட்டாட்சியரிடம் முறையிடலாம்' என்று எழுதினால், தாளை வாங்கிய உழவன் அதை எடுத்துக்கொண்டு எந்தப் பேருந்தில் ஏறுவது, எந்தக் கதவைத் தட்டுவது என்று எவரையும் கேட்காமலே நடப்பான்.